அக்காவின் சுண்டுவிரலும் என் வலது காலும்

ஒரே பியானோ, ஒரே பெஞ்சு, நாலு கை. இதுதான் எங்க பிழைப்பு. அக்கா வலது பக்கம், நான் இடது பக்கம். மேல் ஸ்வரமெல்லாம் அவளுக்கு, கீழ் ஸ்வரமெல்லாம் எனக்கு. கேட்டவங்க வீட்டுக்குப் போய் முணுமுணுக்கிறது அவ வாசிச்சதை. நான் வாசிச்சதை யாரும் முணுமுணுத்து நான் பார்த்ததே இல்லை. எப்படி முணுமுணுப்பாங்க? நான் வாசிக்கிறது மாடியில மேஜை நகர்த்துற சத்தம்.

பெடல் மட்டும் என் காலுக்கு. ரெண்டு பேர் சேர்ந்து வாசிச்சா கீழ்ப்பாகம் வாசிக்கிறவதான் பெடலை மிதிக்கணும்னு ஒரு வழக்கம். மிதிச்சா ஸ்வரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு நீளும். விட்டா டக்குன்னு நிக்கும். கை முழுக்க அக்காவுக்கு அடங்கினதா இருந்தாலும், காலாவது என்னோடதா இருக்கேன்னு ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கேன். அந்தப் பெருமையிலயும் மண் விழுந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களை ஜோடி சேர்த்தது அம்மா. குழந்தைகளுக்கான போட்டியில அக்காவுக்கு முதல் பரிசு, எனக்கு ரெண்டாம் பரிசு வந்துச்சு. வேற அம்மாவா இருந்தா ரெண்டு பிள்ளைக்கும் முத்தம் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. எங்கம்மா படியிறங்கும்போதே கணக்குப் போட்டுட்டாங்க. "தனித்தனியா வாசிச்சா ஒருத்தி இன்னொருத்திக்குப் போட்டி. சேர்ந்து வாசிச்சா ஊருக்கே நீங்க ரெண்டு பேரும் போட்டி." அவ்வளவுதான். அன்னையிலிருந்து ஒரே துணியில வெட்டின ரெண்டு கவுன், ஒரே மாதிரி கொண்டை, ஒரே மாதிரி செருப்பு. நாற்பதை நெருங்கிட்டேன், இன்னும் என் செருப்பு அக்கா காலுக்கு எது பொருந்துதோ அதுதான்.

போஸ்டர்ல எங்க பேர் கூடக் கிடையாது. 'சகோதரிகள்'னு போட்டிருக்கும். என்னைத் தனியா ஒருத்தர் ரோட்டுல பார்த்தா முதல்ல என் தோளுக்கு வலது பக்கம்தான் எட்டிப் பார்ப்பார். அக்காவுக்குக் கல்யாணம் கூட ஆச்சு. அத்தான் நல்ல மனுஷன். கொஞ்ச நாள் எங்களோட ஊர் ஊரா சுத்திப் பார்த்தார். அப்புறம் ஒருநாள், "நான் கட்டிக்கிட்டது ஒருத்தியையா, ரெண்டு பேரையா?"ன்னு கேட்டார். அக்கா யோசிச்சா. அந்த யோசனை போதும்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவுல தனியா உட்கார்ந்து வாசிக்கணும். மேலயும் நானே, கீழயும் நானே. இதை வாய் விட்டுச் சொன்னா வீட்டுல இடி விழுந்த மாதிரி ஆயிடும். அதனால சொன்னதில்லை.

இப்படிப் போயிட்டிருந்தப்போ அக்காவோட சுண்டுவிரல் மடங்க ஆரம்பிச்சுது.

வலியெல்லாம் இல்லை. டம்ளர் பிடிப்பா, பட்டன் போடுவா, என் தலையில குட்டுவா, எல்லாத்துக்கும் அந்த விரல் ஒழுங்கா வேலை செய்யும். பியானோ மேல வச்சா மட்டும் தானா உள்ள மடங்கிக்கும். மோதிர விரலும் அதோட சேர்ந்து இழுத்துக்கும். வலது கை சுண்டுவிரல்! மேல்பாகம் வாசிக்கிறவளுக்கு அதுதானே குரல். பாட்டோட உச்சியெல்லாம் அந்த விரல்லதான் இருக்கு. டாக்டர் சொன்னது இதுதான்: "விரல்ல கோளாறு இல்லம்மா. அளவுக்கு மீறி ஒரே அசைவைப் பழகினதுல மூளைக்குள்ள ரெண்டு விரலோட இடமும் கலந்துபோச்சு. உங்க தொழில்ல இது வர்றதுதான்." ராத்திரி பகலா சாதகம் பண்ணினதுக்குக் கிடைச்ச பரிசைப் பாருங்க. சோம்பேறியா இருந்திருந்தா விரல் நல்லா இருந்திருக்கும்.

"இந்த சீசன் மட்டும்டி"ன்னு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஒத்துக்கிட்ட கச்சேரியை முடிச்சுடுவோம். அதுக்குள்ள சரியாயிடும்."

அம்மா வேற மாதிரி சொன்னாங்க. "வெளியில மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா ஒரு பய கூப்பிட மாட்டான்."

அப்புறம் ஆரம்பிச்சுது என் வேலை. அவ கைக்கு எட்டாததுல கொஞ்சத்தை என் வலது கைக்கு மாத்திக்கிட்டேன். அவ முழங்கைக்கு அடியில என் கையை நுழைச்சு, ரெண்டு ஸ்வரத்தைத் திருடி அவளுக்குப் போட்டுட்டு வெளிய வரணும். அப்படியும் சமாளிக்க முடியாத இடத்துல பெடல். காலைத் தூக்கவே மாட்டேன். முன்னாடி ஸ்வரம் கரைஞ்சு நீண்டுக்கிட்டே இருக்கிறதால, நடுவுல விட்டுப்போன ஸ்வரத்தோட ஓட்டை யார் காதுக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, நான் நிஜமாவே மறைச்சேன். சோறு மட்டும் நிறைய வேணும், அவ்வளவுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, பத்திரிகையில எங்களைப் புகழ ஆரம்பிச்சுட்டாங்க. 'வயது ஏற ஏற சகோதரிகளின் இசையில் ஒரு மூடுபனி இறங்கியிருக்கிறது'ன்னு விமர்சகர் ஒருத்தர் எழுதினார். அதை அக்கா சத்தமா வாசிச்சா. ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அவ அழுதா. நான் பேப்பரை மடிச்சு வச்சேன்.

அந்த சீசன் முடிஞ்சு அடுத்தது வந்துச்சு. விரல் சரியாகலை. மேனேஜர் அதுக்கும் அடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கிட்டார், மூடுபனிக்கு ஏக கிராக்கியாம். எனக்கு மூச்சு முட்டிச்சு. விட்டுட்டுப் போனா அக்கா அன்னைக்கே முடிஞ்சா. போகலைன்னா நான் ஆரம்பிக்கவே இல்லை. ரெண்டு பக்கமும் எரியுற கொள்ளிக்கட்டையில மாட்டின எறும்பு எப்படி இருக்கும்னு யாராவது கேட்டா என்னைக் கூப்பிடுங்க, விலாவாரியா சொல்றேன்.

அப்போதான் குச்சிக்காரர் வந்தார். கையில குச்சியை ஆட்டி ஆர்கெஸ்ட்ரா நடத்துறவர், பெரிய மனுஷர். நாங்க அவருக்கு வச்ச பேர் குச்சிக்காரர். ஒரு கச்சேரி முடிஞ்சதும் அக்கா ரசிகர்கள் நடுவுல நிக்கிற நேரமா பார்த்து என்கிட்ட வந்தார். எல்லாரையும் போல என் வலது பக்கம் எட்டிப் பார்க்கலை. "உங்க இடது கையை ரெண்டு மணி நேரமா கேட்டுட்டிருந்தேன். தனியா வாசிப்பீங்களா?"ன்னார். அடுத்த சீசன்ல ஒரு இடம் காலியா இருக்குன்னும், முதல்ல அவர் ஒரு தடவை கேட்கணும்னும் சொன்னார்.

என் காதுல அந்த ஒரு வார்த்தைதான் விழுந்துச்சு. தனியா.

எங்க போய்ப் பழகுறது? வீட்டுல பழகுறதுக்கு ஆளுக்கு ஒண்ணா இருக்கிற ரெண்டு பியானோவும் ஒரே அறையில. நான் தும்மினா கூட அக்கா எந்த ஸ்வரத்துல தும்மினேன்னு சொல்லிடுவா. அதனால பியானோ விக்கிற கடைக்குப் போனேன், வாங்க வந்தவ மாதிரி. பின்னாடி கண்ணாடி அறையில ஒரு பெரிய பியானோ. அதுல உட்கார்ந்து சோதிச்சுப் பார்க்கிற மாதிரி பழகினேன். பல் டாக்டர்கிட்ட போறேன்னு வீட்டுல பொய். கடை விற்பனையாளர் ரொம்பப் பொறுமைசாலி. ஆனா அவருக்கும் ஒரு அளவு இருக்கே! "மேடம், வீடு வாங்குறவங்க கூட இவ்வளவு தடவை வந்து பார்க்க மாட்டாங்க"ன்னார் ஒருநாள். "கீழ் ஸ்வரம் இன்னும் திருப்தியா இல்லை"ன்னு மூஞ்சியை வச்சுக்கிட்டு சொன்னேன். உடனே ஆளை வச்சு சுருதி சேர்த்துட்டார், பாவம். வீட்டுக்கு வந்தா அம்மா, "எத்தனை பல்லுடி உனக்கு?"ன்னு கேட்டாங்க.

குச்சிக்காரர் கூப்பிட்ட அன்னைக்கு மத்தியானம் காலியான ஹால்ல போய் நின்னேன். மேடையில பியானோ, பெஞ்சு, எதிர்ல அவர் ஒருத்தர். உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன். அவர் சிரிச்சார்.

"அந்தப் பக்கம் யாருக்கு?"

பார்த்தா, நான் பெஞ்சோட இடது பாதியில உட்கார்ந்திருக்கேன். வலது பாதி காலியா கிடக்கு. கடையில ஒத்தை நாற்காலி, அதனால தெரியலை. பழக்க தோஷம். காது வரைக்கும் சூடாகி, நகர்ந்து நடுவுல உட்கார்ந்தேன். பெஞ்சு அவ்வளவு அகலமா இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

வாசிச்சேன். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தினார். "காலை எடுங்க." எடுத்தேன். மறுபடி ஆரம்பிச்சேன். கால் தானா போய் உட்கார்ந்துக்கிச்சு. மறுபடி நிறுத்தினார். மூணாவது தடவை அவரே மேடைக்கு வந்து, செருப்பைக் கழட்டச் சொல்லி, என் காலை பெஞ்சுக்கு அடியில மடக்கி வைக்கச் சொன்னார். பெடலே இல்லாம வாசிச்சேன். அய்யோ, நடுரோட்டுல குளிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா வந்து நின்னு, இவ லட்சணம் இதுதான்னு காட்டிட்டுப் போச்சு. இடது கை கம்பீரமா இருந்துச்சு. வலது கை சொல்ல வேண்டிய இடத்துலயெல்லாம் பம்மிப் பம்மிப் போச்சு. பாட்டை முன்னாடி நிறுத்துறது என் வேலை இல்லைன்னே அது இத்தனை வருஷமா பழகியிருக்கு.

முடிச்சதும் மேடை ஓரத்துல உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "உங்ககிட்ட இருக்கு. ஆனா அந்தக் கால் யாரையோ மறைச்சு மறைச்சுப் பழகியிருக்கு. யாரைன்னு நான் கேட்கலை. ஜோடியை விட்டுட்டு வந்தீங்கன்னா இடம் உங்களுக்கு. அங்கயும் இங்கயும் ஒரே நேரத்துல முடியாது, இந்தக் கால் திருந்தாது. அடுத்த கச்சேரிக்கு வர்றேன். முடிஞ்சதும் பதில் சொல்லுங்க."

அந்த அடுத்த கச்சேரி வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு நாய் படாது. தினம் காலையில இன்னைக்கு அக்காகிட்ட சொல்லிடணும்னு எழுந்திருப்பேன். அவ விரலை வெந்நீர்ல வச்சு நீவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் பரவால்லடி"ன்னு சொல்வா. வாய் ஒட்டிக்கும். பரவால்லன்னு அவ சொன்ன அன்னைக்கெல்லாம் அது இன்னும் மோசமாத்தான் இருக்கும்.

கடைசியில கச்சேரி அன்னைக்கு, கிரீன் ரூம்ல, மேடைக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வெடிச்சுது. அதுவும் ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு. என் கவுனோட ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. அக்கா குனிஞ்சு ஊசி குத்திக்கிட்டே, "உனக்கு ஒண்ணும் ஒழுங்கா வச்சுக்கத் தெரியாது, நான் இல்லைன்னா என்னடி பண்ணுவ?"ன்னா.

"தனியா வாசிப்பேன்!"னு கத்திட்டேன்.

கொட்டினா எல்லாம் கொட்டும். குச்சிக்காரர், கடை, இல்லாத பல் டாக்டர், எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லும்போதே அழுகை வேற. அக்கா ஊசியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. கோபப்படுவான்னு பார்த்தேன். படலை.

"நீ என்ன பதில் சொல்லப் போற?"

"முடியாதுன்னுதான். வேற என்ன? உன்னை இப்படி விட்டுட்டு எங்க போவேன்?"

"ஓ. எனக்காக."

"ஆமா. உனக்காகத்தான்."

அவ நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. "அந்த ஆள் உன் பெடலைப் பத்தி என்ன சொன்னார்?"

"காலை எடுக்கச் சொன்னார்."

"சரி வா, மணி அடிச்சாச்சு"ன்னு எழுந்து, என் கண்ணுக்குக் கீழ கரைஞ்ச மையை அவ கட்டைவிரலால துடைச்சுவிட்டா.

ஹால் நிறைஞ்சிருந்துச்சு. முன் வரிசையில அம்மா, அதுக்குப் பின்னாடி குச்சிக்காரர். வேகமான பாகங்களையெல்லாம் எப்படியோ ஓட்டிட்டோம். நான் திருடினேன், அவ சமாளிச்சா. அப்புறம் மெதுவான பாகம் வந்துச்சு. அதுதான் எமன். மெதுவா வாசிக்கும்போது ஒளிய இடம் கிடையாது. மேல அவளோட பாட்டு மட்டும்தான், கீழ நான் ஒப்புக்கு. மூடுபனி முழுசா தேவைப்படுற இடம். காலை அழுத்தினேன்.

என் கால் மேல ஒரு கால் வந்துச்சு. அக்காவோட இடது கால். முதல்ல தெரியாம பட்டுச்சுன்னுதான் நினைச்சேன். அவ அழுத்தி, என் காலை பெடல்ல இருந்து பக்கவாட்டுல தள்ளிவிட்டா. நான் மறுபடி வச்சேன். மறுபடி தள்ளிட்டு, பெடலுக்கு முன்னாடி அவ காலைக் குறுக்க ஊன்றிக்கிட்டா. மேல எங்க நாலு கையும் சாந்தமா வாசிச்சுக்கிட்டிருக்கு, கீழ ரெண்டு பேரும் குழந்தைங்க மாதிரி உதைச்சுக்கிட்டிருக்கோம். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவ பார்க்கலை, பியானோ கட்டைகளையே பார்த்துக்கிட்டிருந்தா.

பனி கலைஞ்சுது. பாட்டு வெளிய வந்துச்சு, ஓட்டையும் உடைசலுமா. சுண்டுவிரல் மடங்கின இடத்துலயெல்லாம் ஸ்வரமே இல்லை. ஒரு இடத்துல பக்கத்துக் கட்டையில இடறி, கேட்கவே கூசுற மாதிரி ஒரு சத்தம். ஹால்ல யாரோ மூச்சை இழுத்தாங்க. அக்கா நிறுத்தலை. விட்டுப்போன ஸ்வரத்துக்கு உண்டான நேரத்தை விட்டுட்டு, அடுத்ததை எடுத்து, அது விழுந்தா அதுக்கடுத்ததை எடுத்து, கடைசி வரைக்கும் போனா. நானும் கூடப் போனேன். என் வாழ்நாள்ல அவ அவ்வளவு மோசமா வாசிச்சு நான் கேட்டதில்லை.

கைதட்டினாங்க. என்ன நடந்துச்சுன்னு புரியாம தட்டினாங்க, புரிஞ்சவங்க இன்னும் பலமா தட்டினாங்க. அக்கா அழகா குனிஞ்சு வணக்கம் சொன்னா.

கிரீன் ரூம் கதவை மூடினதும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! "உன்னை யாருடி கேட்டா? என்னைக் கேட்காம எனக்கு விடுதலை குடுக்க நீ யாரு? இனிமே உன்னை ஒருத்தன் கூப்பிடுவானா?"

"கூப்பிட மாட்டான்"ன்னா. கொண்டையை அவிழ்த்து ஊசியையெல்லாம் ஒவ்வொண்ணா மேஜையில வச்சா. "உனக்காகப் பண்ணினேன்னு ரொம்ப உருகாதே. எனக்கும்தான் மூச்சு முட்டிச்சு. எத்தனை நாள்டி உன் கால்ல தொங்குறது?"

கதவைத் தட்டிட்டு குச்சிக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காவைப் பார்த்து மரியாதையா தலை வணங்கினார். அப்புறம் என்னைப் பார்த்தார். முடியாதுன்னு சொல்ல எனக்குக் காரணம் எதுவும் மிச்சம் இல்லை. "வர்றேன்"ன்னேன். என் குரல் எனக்கே கேட்கலை, திரும்பவும் சொல்ல வேண்டியதாச்சு.

வீடு வந்ததும் அம்மா நேரா அவங்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

மறுநாள் காலையில பழகுறதுக்கு உட்கார்ந்தேன். அக்காவோட பியானோவை இழுத்து மூடி துணி போட்டிருந்துச்சு. அவ இன்னும் எழுந்திருக்கலை. அவ வெயில் வந்தப்புறம் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. மேல் ஸ்வரம், கீழ் ஸ்வரம் எல்லாம் எனக்கே எனக்கு. ஆரம்பிச்சேன். சரியா வரலை. வலது கை பம்மிச்சு. நிறுத்திட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

வாசல்ல அம்மா. கையைக் கட்டிக்கிட்டு நிலைப்படியில சாய்ஞ்சு நிக்கிறாங்க. ராத்திரி முழுக்க அழுதிருக்காங்கன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. என்னால கோபப்படவும் முடியலை.

"அவ அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்பட்டது யாருக்காக?"ன்னாங்க. "இனிமே ரெண்டு பேருக்கும் சேர்த்து நீதான் வாசிக்கணும். ஒரு ஸ்வரம் தப்பக்கூடாது."

அக்காகூட வாசிக்கும்போது தப்பு வந்தா பாதிதான் என்னோடது.

உள்ள அறைக்கதவு திறந்துச்சு. அக்கா தலையைக் கூட வாராம, கொட்டாவி விட்டுக்கிட்டே வந்தா. எனக்கு முன்பின் தெரியாத ஒரு சட்டை போட்டிருந்தா, அவளா எப்பவோ வாங்கி ஒளிச்சு வச்சிருந்திருக்கா. முகம் தெளிவா இருந்துச்சு. "சும்மா நடந்துட்டு வர்றேன்மா"ன்னா. எங்கன்னு அம்மா கேட்டாங்க. "தெரியலை"ன்னு சொல்லிட்டு சிரிச்சா. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினா, அந்த சுண்டுவிரல் நேரா நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

எனக்குப் பொறாமை பொத்துக்கிட்டு வந்துச்சு. நானும் வர்றேன்னு எழுந்தேன் கூட.

"நீ எங்க கிளம்பிட்ட?"ன்னாங்க அம்மா. அக்கா போன சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருந்து அறைக்கதவைச் சாத்திட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் வலது பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"முதல்ல இருந்து வாசி."

வாசிச்சேன்.